எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நகரும் நட்சத்திரம்

கூமாப்பட்டியில் ஒரு மொட்டை மாடி. மேற்கே மலைத்தொடர், அதன் மேல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் காடு. அந்தத் திசையில் கண்ணுக்கு எட்டியவரை ஒரு விளக்கு கிடையாது. 2025-ல் ரீல்ஸ் பார்த்துவிட்டு இந்த ஊரைத் தேடி வந்தவர்கள் பிளவக்கல் அணையையும் வயலையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். இரவு தங்கியிருந்தால் இன்னும் பெரிய ஒன்றைப் பார்த்திருப்பார்கள்.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் அந்த மாடியில் நின்றுகொண்டிருந்தார். பழைய மவுண்ட் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, அதன் மேல் சிறிய தொலைநோக்கியும் கேமராவும் பூட்டியிருந்தார். மூன்று நிமிடப் படங்கள் வரிசையாக எடுத்திருந்தார். இரண்டு படத்தில் நட்சத்திரங்கள் உருண்டையாக இருக்கும், அடுத்த இரண்டில் சீரகம்போல் நீண்டிருக்கும், மறுபடி உருண்டை.

“அண்ணாச்சி, பி.இ.சி. போட்டும் பாத்துட்டேன். போடாம இருந்ததைவிட மோசமா இருக்கு.”

“மில்லுல நூல் கெட்டியும் மெலிசுமா வந்தா முதல்ல என்ன பாப்பீங்க, தம்பி?” என்று கேட்டேன்.

“உஸ்டர் மெஷின்ல போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் எடுப்போம். சிம்னி எத்தனை சென்டிமீட்டர்ல நிக்குதுன்னு பாப்போம்.”

“அதேதான் இங்கேயும்.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த வெளிச்சம்தான். ராஜபாளையம், சத்திரப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இயந்திரத்தோடு பழகிய கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குத் தெரிந்த வேலை, வானியல் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்கு மிக அருகில் நிற்கிறது. அது பலருக்குத் தெரியாமலே போகிறது.

முதலில் மில் கணக்கு. ரிங் ஃபிரேமில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன் ரோலர் கோணலாக ஓடினால், அது ஒரு சுற்றுச் சுற்றுகிற நீளத்துக்கு ஒருமுறை நூலில் கெட்டி-மெலிவு விழும். அந்த நீளம் 7.85 செ.மீ. அதே கோணல் பின் ரோலரில் இருந்து, டிராஃப்ட் (பஞ்சை இழுத்து நீட்டும் மடங்கு) 30 என்றால், அதே பிழை 30 மடங்கு நீண்டு இரண்டேகால் மீட்டரைத் தாண்டிய இடத்தில் சிம்னியாக, அதாவது ஸ்பெக்ட்ரோகிராமில் தனித்து உயர்ந்த முகடாக, நிற்கும். ஆகவே அனுபவமுள்ள ஃபிட்டர் ஃபிரேமைத் திறப்பதற்கு முன்பே எந்த ரோலரைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

தொலைநோக்கி மவுண்டிலும் கதை இதுதான். நூலின் நீளத்துக்குப் பதிலாக நேரத்தை அளக்கிறோம், அவ்வளவுதான். பூமி சுற்றுவதால் வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. முழு நிலாவின் அகலம் ஏறக்குறைய 1,800 ஆர்க்செகண்ட் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். அந்த நகர்வை ஈடுகட்ட மவுண்டின் ஆர்.ஏ. அச்சை ஒரு வார்ம், அதாவது திருகுப் பல், மெல்லச் சுழற்றுகிறது. வார்ம் நூல் பிசகாமல் வட்டமாக இருப்பதில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு ரன்-அவுட் இருந்தாலே போதும், நட்சத்திரம் முன்னும் பின்னும் ஆடும். வார்ம் ஒரு சுற்று முடித்ததும் அதே ஆட்டம் திரும்ப வரும். இதுதான் சுழற்சிப் பிழை. அதைப் பதிவு செய்துகொண்டு, அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கமாக வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வது பி.இ.சி.

வார்மின் ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்பதைக் கணக்குப் போடுவது எளிது. நட்சத்திர நாள் 86,164 விநாடி. அதை வார்ம் வீலின் பல் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 180 பல் என்றால் 478.7 விநாடி, கிட்டத்தட்ட எட்டு நிமிடம். 144 பல் என்றால் 598 விநாடி. 135 பல் என்றால் 638. உங்கள் மவுண்டின் எண் எதுவோ அதை ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி மவுண்டின் மேலேயே ஒட்டி வையுங்கள். இனி நீங்கள் கேட்கப்போகும் எல்லாக் கேள்விகளுக்கும் அளவுகோல் அந்த எண்தான்.

ஏதாவது ஒரு பிழை கண்ணில் பட்டதும் பி.இ.சி. பொத்தானை அமுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நோய் என்னவென்று தெரியாமல் மாத்திரை விழுங்குவதற்குச் சமம் அது. முதலில் பி.இ.சி.யை அணைத்துவிட்டு, கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மவுண்டை அவ்வப்போது திருத்துவது) திருத்தங்களையும் நிறுத்திவிட்டு, நட்சத்திரம் தன் போக்கில் எப்படி ஆடுகிறது என்று பதிவு செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பிஎச்டி2 மென்பொருள் போதும். ஓரிரு விநாடி வெளிச்சம் வாங்கும் தொடர் படங்கள். குறைந்தது நான்கு வார்ம் சுற்று, முடிந்தால் ஆறு. 180 பல் மவுண்டுக்கு ஆறு சுற்று என்பது 48 நிமிடம். பொறுமையாக உட்கார வேண்டும்.

எந்த நட்சத்திரத்தைப் பிடிப்பது? வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளதை. நடுக்கோட்டிலிருந்து 60 பாகை விலகிய நட்சத்திரத்தில் அளந்தால் பிழை பாதியாகத்தான் தெரியும். அதை நம்பித் திருத்தம் போட்டால் திருத்தமும் பாதிதான் விழும். கூமாப்பட்டி வடக்கு அட்சம் ஒன்பதரைப் பாகையை ஒட்டி இருப்பதால் வான நடுக்கோடு நம் தலைக்கு மேலே, சற்றுத் தெற்கே சரிந்து போகிறது. காற்று மண்டலத்தின் அலைச்சல் குறைவாக இருக்கும் பகுதியும் அதுதான். இந்த வசதி நார்வேக்காரருக்குக் கிடையாது.

அதே அட்சம் நமக்கு ஒரு சங்கடத்தையும் தருகிறது. துருவ நட்சத்திரம் வடக்கே ஏறக்குறைய பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அந்த உயரம். ஒரு தென்னை மறைத்தாலும் போச்சு. துருவம் தெரியாமலே மூன்று இடங்களைப் படம் பிடித்து அச்சைச் சரிசெய்யும் மென்பொருள்கள் இப்போது உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: துருவ ஒழுங்கு பிசகினால் நட்சத்திரம் ஒரே பக்கமாக நழுவும், ஆடாது. நழுவலையும் ஆட்டத்தையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பதிவு கையில் வந்ததும் அதை பிஎச்டி லாக் வியூவரில் திறந்து அலைவெண் பகுப்பாய்வைப் போடுங்கள். நீங்கள் பார்க்கப்போவது மில்லில் பார்த்த அதே சிம்னிகள்.

அந்த இளைஞரின் வரைபடத்தில் இரண்டு சிம்னி நின்றன. ஒன்று 479 விநாடியில், நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 14 ஆர்க்செகண்ட். அது வார்ம், எதிர்பார்த்ததுதான். இன்னொன்று 122 விநாடியில், 5 ஆர்க்செகண்ட். “அது சின்னதுதானே, விட்டுரலாம்” என்றார். விடக்கூடாது. எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதுதான் படத்தைக் கெடுக்கும். 479 விநாடியில் 14 ஆடுவது, உச்ச வேகத்தில் விநாடிக்கு 0.18 ஆர்க்செகண்ட். 122 விநாடியில் 5 ஆடுவது விநாடிக்கு 0.26. சின்னது என்று தள்ளியதுதான் அதிகம் கெடுத்துக்கொண்டிருந்தது.

சரி, 122 எங்கிருந்து வருகிறது? ஒரு வார்ம் சுற்றில் நான்கில் ஒரு பங்கு என்றால் 478.7-ஐ நான்கால் வகுக்க 119.7 வர வேண்டும். வந்தது 122. இந்த இரண்டு விநாடிச் சொச்ச வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விடையே அதற்குள்தான் இருக்கிறது. அந்த மவுண்டில் மோட்டார் தண்டில் 12 பல் பினியன், வார்ம் தண்டில் 47 பல் கியர். 478.7-ஐ 12-ஆல் பெருக்கி 47-ஆல் வகுத்தால் 122.2. குற்றவாளி மோட்டார் பினியன்.

இதை பி.இ.சி.யால் ஒருபோதும் சரிசெய்ய முடியாது. ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. பி.இ.சி. நினைவில் வைத்திருப்பது ஒரு வார்ம் சுற்றை மட்டும். பினியன் ஒரு வார்ம் சுற்றில் நான்கு முறை முழுதாகச் சுற்றுவதில்லை, 3.92 முறைதான் சுற்றுகிறது. ஆகவே அடுத்த வார்ம் சுற்றில் அதன் ஆட்டம் சற்று இடம் மாறி வரும், அதற்கடுத்ததில் இன்னும் மாறும். முழுக் கணக்காக வகுபடுகிற பிழையை மட்டுமே பி.இ.சி. தீர்க்கும், மற்றதற்கு ஸ்பானர்தான் மருந்து.

சோதித்துப் பார்க்க இன்னொரு எளிய வழி, பதிவான ஆறு சுற்றுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. கோடுகள் ஒன்றோடொன்று படிந்தால் பி.இ.சி. வேலை செய்யும். படியாமல் சிதறினால் வேறு எங்கோ கோளாறு: தளர்ந்த கிரப் ஸ்க்ரூ, தேய்ந்த பேரிங், தொங்கும் கேபிள், ஆடி-ஆவணிக் காற்று. கேபிளை இளக்காரமாக நினைக்காதீர்கள். குளிரில் விறைத்த ஒரு யு.எஸ்.பி. கேபிள் இழுப்பதே சில ஆர்க்செகண்டுக்குப் போதும்.

இனி அவருடைய முதல் புகார். பி.இ.சி. போட்டால் ஏன் மோசமானது? அதே நட்சத்திரம், அதே நேர அளவு, இம்முறை பி.இ.சி.யைப் போட்டுப் பதிவு செய்தோம். 479 விநாடிச் சிம்னி 14-லிருந்து 17-ஆக உயர்ந்திருந்தது. திருத்தம் நேர் எதிராக விழுந்தால் பிழை இரட்டித்து 28 ஆகியிருக்கும். அப்படி வந்தால் திசைக்குறி தலைகீழ் என்று பொருள். 17 என்பது வேறு சங்கதி. திருத்தம் சரியான அளவில், தவறான நேரத்தில் விழுகிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 100 விநாடி தள்ளி விழுந்திருந்தது.

இந்த நேரத் தவறு எவ்வளவு வரை தாங்கும்? வார்ம் சுற்றில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இந்த மவுண்டுக்கு 80 விநாடி, தள்ளிப்போனாலே பி.இ.சி.யால் ஒரு பயனும் இல்லாமல் போகும். போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்று. அதைத் தாண்டினால் கெடுதல்தான்.

“நேத்து ராத்திரி கரண்ட் போச்சா?”

“ரெண்டு தடவை போச்சு, அண்ணாச்சி.”

காரணம் அதுதான். சில மவுண்டுகளில் வார்ம் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் சென்சார் உண்டு. இல்லாத மவுண்டுகள், நீங்கள் முறையாக பார்க் செய்துவிட்டு அணைப்பீர்கள் என்று நம்பி, கடைசி இடத்தைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் அந்தக் கணக்கு அழிந்துபோகும். திரும்ப வந்ததும் வார்ம் எங்கோ நிற்கும், நினைவு எங்கோ நிற்கும். தீர்வு இரண்டு. ஒன்று, மவுண்டை நேரே வீட்டு மின்சாரத்தில் ஓட்டாமல் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவது. நம் ஊருக்கு இது கட்டாயம். இரண்டு, வார்ம் தண்டு வெளியே தெரியும்படி இருந்தால் அதில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து தொடங்குவது. சென்சார் இல்லாத இயந்திரத்துக்கு அந்தப் புள்ளிதான் சென்சார்.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது. பிஎச்டி2-இலேயே, பிழையை முன்கூட்டியே கணித்துத் திருத்தும் ஒரு முறை உண்டு. மவுண்டின் பி.இ.சி.யையும் அதையும் சேர்த்துப் போட்டால் இரண்டு பேர் ஒரே ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரி ஆகும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதேபோல, பழைய பி.இ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய பதிவு எடுக்காதீர்கள். நீங்கள் பதிவு செய்வது பிழையின் மிச்சத்தை மட்டுமே.

மறுநாள் மவுண்டைத் திறந்தோம். சமையலறை மேசையில் பழைய வேட்டியை விரித்து, ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம். இது கௌரவக் குறைச்சல் இல்லை. முப்பது வருட அனுபவக்காரரும் செய்ய வேண்டியது. 12 பல் பினியனின் இரண்டு பற்களுக்கு இடையே கிரீஸ் கறுத்து இறுகிக் கல்போல உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பல்லில் தயாரிப்பிலேயே விடுபட்ட ஒரு பிசிறு. பித்தளை பிரஷ், கெரசின், மிக மெல்லிய எண்ணெய்க்கல். கியர்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருந்தன. ஒரு துண்டு செய்தித்தாளைப் பற்களுக்கு இடையே கொடுத்து, அந்த இடைவெளி நிற்கும்படி மோட்டாரை முடுக்கினோம். புதிய கிரீஸ், கொஞ்சமாக. நிறையப் பூசினால் நன்றாக ஓடும் என்பது பொய், தூசியைத்தான் சேர்க்கும்.

வார்மையும் வீலையும் நெருக்கும் கிரப் ஸ்க்ரூக்களில் கை வைக்கும்போது பதற்றம் வேண்டாம். எட்டில் ஒரு பங்கு திருப்பு, சோதனை, மறுபடி எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு முறையும் அச்சை முழுச் சுற்று வேகமாக ஓட்டி, மோட்டார் சத்தம் எங்கேயாவது கனக்கிறதா என்று காதால் கேளுங்கள். மில்லில் ஸ்பிண்டில் சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எடைச் சமநிலையில் கிழக்குப் பக்கத்துக்குச் சற்றே பாரம் கூட்டி வைத்தால் பற்கள் எப்போதும் ஒரே முகத்தில் அழுந்தி நிற்கும். பேக்லாஷ் தொல்லை குறையும்.

அன்று இரவு 122 விநாடிச் சிம்னி 5-லிருந்து 2-க்கு இறங்கியது. பி.இ.சி.யைப் புதிதாகப் பதிவு செய்தோம். 479 விநாடிச் சிம்னி 14-லிருந்து 2-க்கு வந்தது. மிச்சத்தைக் கைடிங் பார்த்துக்கொண்டது.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று அவர் கேட்டார். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தொலைநோக்கி பழுதுபார்ப்பு மட்டும் குடும்பம் நடத்தும் தொழிலாக நம் வட்டாரத்தில் இன்னும் ஆகவில்லை. ஆனால் இந்தத் திறமைக்கு வேலை உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1972 முதல் இயங்கும் 1 மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்ட நோக்கீடுகளில் பங்குகொண்டது. ஒரு நட்சத்திரத்தைக் கருவி விடாமல் பிடித்திருந்தால்தான் அப்படி ஒன்றைக் காண முடியும். அப்படிப் பிடித்து வைப்பது பராமரிப்புக்காரரின் வேலை.

அதே வளாகத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவானது. 1986 ஜனவரியில் முறைப்படி தொடங்கப்பட்டது. அதன் கனமான இயந்திரப் பாகங்களைச் செய்தது மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் நிறுவனம். சர்க்கரை ஆலைகளுக்கு இயந்திரம் செய்து பேர் வாங்கிய நிறுவனம் அது. ஆலை இயந்திரத்தில் பழகிய கை தொலைநோக்கி செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது 1936-ல். மூன்று நான்கு தலைமுறையாகச் சுழலும் இயந்திரங்களோடு வாழும் ஊர் இது.

காவலூர் தவிர, 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய வானாய்வகம், லடாக்கின் ஹான்லே தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் வழியாக இயக்கும் பெங்களூரு அருகே உள்ள ஹோசகோட்டே வளாகம், நைனிதாலின் ஏரிஸ், புனேயின் ஐயூகா ஆகிய இடங்களில் இயந்திரவியல், மின்னணுவியல் படித்தவர்களுக்கான பணியிடங்கள் அவ்வப்போது வரும். அறிவிப்புகளை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். வானியலுக்கு வெளியேயும் இதே அறிவு விலை போகும். சி.என்.சி. சுழல் மேசை, செயற்கைக்கோள் ஆன்டெனா, ரேடார், அச்சு இயந்திரம் என எங்கெல்லாம் ஒரு அச்சு சீராகச் சுழல வேண்டுமோ அங்கெல்லாம் இதே சிம்னி வரும்.

விண்ணப்பத்தில் “தொலைநோக்கியில் ஆர்வம் உண்டு” என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். “478.7 விநாடிச் சுற்றுப் பிழையை 14 ஆர்க்செகண்டிலிருந்து 2-க்குக் குறைத்தேன், 122.2 விநாடிப் பிழையின் காரணம் மோட்டார் பினியன் என்று கண்டறிந்தேன், பதிவுக் கோப்புகள் இணைப்பில்” என்று எழுதுங்கள். நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர் அடுத்த கேள்வியை அந்த வரியிலிருந்துதான் கேட்பார். அதற்குப் பதில் உங்கள் கைக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு இரவின் பதிவையும் தேதி, காற்று, எடை, என்ன மாற்றினீர்கள் என்ற குறிப்போடு பாதுகாத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று உங்களுக்கே தெரியாது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு இந்த வட்டாரத்தில் வானம் தெளியும். ஓரையன் பட்டையின் மூன்று நட்சத்திரங்களில் மேற்கு ஓரத்தில் இருப்பது மிண்டாக்கா. வான நடுக்கோட்டின் மேலேயே அமர்ந்திருக்கிறது என்று சொல்லலாம், விலகல் மூன்றில் ஒரு பாகைகூட இல்லை. பிப்ரவரி நடுவில் அது இரவு எட்டேகால் மணிவாக்கில் உச்சிக்கு வரும். ஏழு மணிக்கு மேல் அதைப் பிடித்துப் பதிவைத் தொடங்கினால், உச்சியைக் கடப்பதற்குள் ஆறு வார்ம் சுற்றும் முடிந்துவிடும். பேட்டரியை மட்டும் முந்தின நாளே சார்ஜ் போட்டு வைத்துவிடுங்கள்.